மெம்பர் அக்கா நிரப்பிய பஸ்

பஸ் நிற்காமல் போனது.

நான் கையை நீட்டியபடி சாலையின் பாதி வரைக்கும் வந்துவிட்டேன். எனக்குப் பின்னால் என் தோழிகள் இரண்டு பேர். மூன்று பேர் கையிலும் பரீட்சை அட்டை. சதுரங்கப்பட்டினம் நிறுத்தத்தில் தினமும் ஒரு குலுங்கு குலுங்கி நிற்கும் காலை பஸ், அன்றைக்கு எங்களைத் தெரியாதது மாதிரி வேகமெடுத்தது.

படிக்கட்டில் ஆள். பின்பக்க ஏணியில் ஆள். ஜன்னல் வழியே வெள்ளைச் சட்டைகள், ஜரிகைப் புடவைகள், தொப்பிகள், யாருடைய மடியிலோ ஒரு தூக்குச்சட்டி. அத்தர் வாசனை, கருவாட்டு வாசனை, மல்லிகைப்பூ வாசனை எல்லாம் டீசல் புகையோடு சேர்ந்து எங்கள் முகத்தில் அடித்துவிட்டுப் போயின.

நடு ஜன்னலில் இருந்து கண்ணாடி வளையல் போட்ட ஒரு கை வெளியே வந்து பஸ்ஸின் தகரத்தைப் படபடவென்று தட்டியது.

"நிறுத்துய்யா! பொண்ணுங்கள வுட்டுட்டியே! யோவ், நிறுத்து!"

ஜைனம்பு அக்காவின் குரல். அதைக் கேட்டு நின்றவை நிறைய உண்டு. அந்தப் பஸ் மட்டும் நிற்கவில்லை.

இத்தனை மாதமாக அதில் ஏற ஆளில்லை என்று கவலைப்பட்டவர்கள் நாங்கள். ஆள் நிறைந்த அன்றைக்கு எங்களுக்கு இடமில்லை. எனக்கு அழுகை வந்தது. அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது. காலில் கிடந்த செருப்பைக் கழற்றிப் பஸ்ஸின் மேல் எறியலாமா என்றுகூட நினைத்தேன். புதுச் செருப்பு என்பதால் விட்டுவிட்டேன்.

இரங்கல் கூட்டத்தில் சொல்லாதது

போன வாரம் இந்தப் பத்தியில் கடலோரத்து வீடுகளில் உப்புக் காற்றில் துருப்பிடிக்கும் பூட்டுகளைப் பற்றி எழுதியிருந்தேன். படித்துவிட்டு புதுப்பட்டினத்தில் இருந்து ஒருவர் போன் செய்தார். "பூட்டப் பத்தியெல்லாம் எழுதறியே, மெம்பர் அக்காவப் பத்தி எப்ப எழுதுவே?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான்.

ஜைனம்பு அக்கா சென்ற மழைக்காலத்தில் காலமானார். நான் இப்போது இருக்கும் கூடுவாஞ்சேரியில் இருந்து போய்ச் சேர்வதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. சில நாள் கழித்து நடந்த இரங்கல் கூட்டத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். பேசியவர்கள் எல்லோரும் குடிநீர்த் தொட்டியைச் சொன்னார்கள், சிமென்ட் சாலையைச் சொன்னார்கள், நூலகக் கட்டடத்தைச் சொன்னார்கள். எல்லாம் உண்மை. ஆனால் அந்தப் பஸ்ஸை யாரும் சொல்லவில்லை. தினமும் ஓடிக்கொண்டிருப்பதை யார் நினைவில் வைத்துக்கொள்வார்கள்?

எழுந்து பேசியிருக்கலாம். மைக்கைக் கண்டால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால் இங்கே எழுதுகிறேன்.

அக்கா மெம்பரான விதம்

ஊராட்சிகளில் பெண்களுக்கென்று வார்டுகளை ஒதுக்கிய புதிது. புதுப்பட்டினத்தில் அக்கா இருந்த வார்டும் அப்படி ஒதுக்கப்பட்டது. அக்காவின் கணவர் சுல்தான் பாய், கடைத்தெருவில் வலைக்கடை வைத்திருந்தார். மீன்பிடி வலை, நைலான் கயிறு, மிதவை எல்லாம் அவரிடம்தான் குப்பத்து ஆட்கள் வாங்குவார்கள். ஊர்ப் பெரியவர்கள் நான்கு பேர் அவரிடம் போய், "வூட்டம்மா பேர குடு பாய். பேருக்கு அவங்க நிக்கட்டும், வேலைய நீ பாரு" என்றார்கள். அந்தக் காலத்தில் பல ஊர்களில் நடந்தது இதுதான். பெயர் மனைவிக்கு, நாற்காலி கணவனுக்கு.

சுல்தான் பாய் கல்லாப்பெட்டியை விட்டு அசையாத மனிதர். "பேரும் அவளுதே, வேலையும் அவளுதே. எனுக்கு இந்த பேஜாரெல்லாம் வாணாம்" என்று சொல்லிவிட்டார். சோம்பலில் ஒரு மனிதர் ஊருக்குச் செய்த இவ்வளவு பெரிய உபகாரத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை.

அக்கா ஜெயித்தார். அன்று முதல் எல்லோருக்கும் மெம்பர் அக்கா ஆனார். நாற்பதைத் தாண்டிய வயது. வாட்டசாட்டமான உடம்பு. முந்தானை தலையைவிட்டு நழுவாது, ஆனால் வாய் ஓயாது. அரசாங்க அலுவலகத்துக்குப் போகும்போது கையில் ஒரு கட்டு முருங்கைக்கீரை எடுத்துப் போவார். பெஞ்சில் உட்கார்ந்து ஆய ஆரம்பிப்பார். உள்ளே கூப்பிடும்போது கீரை முழுக்க ஆய்ந்து முடிந்திருந்தால், எவ்வளவு நேரம் காக்க வைத்தோம் என்று அதிகாரிக்கே தெரிந்துபோகும். சில பேர் காம்புகளைப் பார்த்ததும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்.

உனுக்குச் செவ்வாக்கெழம

அக்காவின் வேலை முறையே தனி. கூட்டம் போடமாட்டார், நோட்டீஸ் அடிக்கமாட்டார். "வரமுடியுமா?" என்று யாரையும் கேட்கவும் மாட்டார். நேரே வந்து கிழமையைச் சொல்லுவார்.

"கொளத்துல பாசி எடுக்கணும். உனுக்குச் செவ்வாக்கெழம."

அவ்வளவுதான். எதிரில் இருப்பவர் வாயைத் திறப்பதற்குள் அக்கா அடுத்த வீட்டு வாசலில் இருப்பார். மாட்டேன் என்று சொல்ல ஆளைத் துரத்திக்கொண்டு ஓடவேண்டும். அதற்குப் பாசியே எடுத்துவிடலாம்.

என் அப்பா திருநெல்வேலிப் பக்கத்தில் இருந்து அணு ஆராய்ச்சி அலுவலகத்தில் குமாஸ்தா வேலைக்கு வந்தவர். குவார்ட்டர்ஸ் கிடைக்காததால் சதுரங்கப்பட்டினத்தில் வாடகைக்கு இருந்தோம். எங்கள் தெருவுக்குத் தண்ணீர் லாரி வந்த ஒரு கோடையில் அக்கா, தன் வார்டு இல்லையென்றாலும், எங்கள் வீட்டுக்கும் வந்தார். "சாரு, லாரிகிட்ட சண்டை வராம பாத்துக்கணும். உங்குளுக்குச் சனிக்கெழம" என்று சொல்லிவிட்டுப் போனார்.

"ஏட்டி, யாரு இந்த அம்மா, எனக்குக் கெழமை குறிக்கதுக்கு?" என்று அப்பா அன்று பூராவும் எரிச்சலாக இருந்தார். சனிக்கிழமை காலையில் தோளில் துண்டோடு லாரிக்கு முன்னால் போய் நின்றார்.

காலியாக ஓடிய பஸ்

இப்போது பஸ்ஸுக்கு வருகிறேன்.

எங்கள் பக்கத்துப் பெண்களுக்குக் காலேஜ் என்றால் செங்கல்பட்டுதான். அங்கே போக முதல் பஸ் எட்டு மணிக்கு மேல் எங்கிருந்தோ பிதுங்கிக்கொண்டு வரும். அதில் ஏறினால் முதல் வகுப்பு முடிந்திருக்கும். அதுவும் ஏற முடிந்தால்தான். பெண்ணைக் கூட்டத்தில் நசுங்கவிட மனமில்லாமல் பிளஸ் டூவோடு நிறுத்திய வீடுகள் ஒவ்வொரு தெருவிலும் இருந்தன. நான் முதல் வருஷம் முழுக்க அதில்தான் இடிபட்டேன். வருகைப் பதிவு குறைந்ததென்று காலேஜில் இருந்து கடிதம் வந்ததும் அப்பா தீர்மானமாகச் சொல்லிவிட்டார்: "ஒழுங்கா போயிட்டு வர பஸ் இருந்தாப் படி. இல்லன்னா போதும்."

அக்கா டிப்போவுக்கு எத்தனை கட்டு கீரையோடு போனாரோ தெரியாது. ஒருநாள், விடிந்ததும் புதுப்பட்டினத்தில் கிளம்பி, சதுரங்கப்பட்டினம், திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டு போகும் ஒரு புது பஸ் வந்தது. ஆனால் பரீட்சார்த்தமாகத்தான். கோடை வரைக்கும் ஓட்டிப் பார்ப்பார்கள். ஆள் ஏறினால் தொடரும். இல்லையென்றால் நிறுத்திவிடுவார்கள்.

முதல் சில வாரம் அதில் டிரைவர், கண்டக்டர் கன்னியப்பன் அண்ணன், நாங்கள் மூன்று பெண்கள். மிச்சமெல்லாம் காற்று. ஆளுக்கொரு ஜன்னல் போக இன்னும் நிறைய ஜன்னல்கள் இருந்தன. மற்றவர்களுக்கு அவ்வளவு காலையில் செங்கல்பட்டில் என்ன வேலை?

"இப்டியே போச்சுன்னா தூக்கிடுவாங்கக்கா" என்றார் கன்னியப்பன் அண்ணன். "வெறும் பஸ்ஸ ஓட்டிக்கினு போக எனுக்கே வெக்கமா கீது."

அக்காவுக்கு இதில் சொந்தக் கவலை ஒன்றும் இருந்தது. அக்காவின் ஒரே மகள் சபுரா பிளஸ் டூவில் நல்ல மார்க் வாங்கிவிட்டு ஒரு வருஷமாக வீட்டில் இருந்தாள். சுல்தான் பாய் அவளைக் காலேஜுக்கு அனுப்பமாட்டேன் என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அக்கா சண்டை போட்டிருப்பார். "பஸ்ஸு நெலையா ஓடட்டும், அப்பறம் பாக்கலாம்" என்று பாய் சொல்லி வைத்திருந்தார். பஸ் எப்படியும் நின்றுவிடும் என்ற நம்பிக்கையில் சொன்ன வார்த்தை அது என்று ஊருக்கே தெரியும்.

வேலை இல்லாத பயணிகள்

அக்கா கிழமை குறிக்க ஆரம்பித்தார்.

"உனுக்குத் திங்கக்கெழம. காலீல பஸ்ல ஏறி செங்கல்பட்டு போய்ட்டு வா."

"அங்க எனுக்கு இன்னாக்கா வேல?"

"ஒரு வேலையும் இல்ல. போ, ஸ்டேஷன் எதுர்ல டீ குடி, வா."

டிக்கெட் அவரவர் காசு. அதையும் மீறிப் போனார்கள் என்பதுதான் அதிசயம். திங்கள் கடைத்தெரு, செவ்வாய் பள்ளிவாசல் தெரு, புதன் குப்பம் என்று முறை போனது. நாங்கள் படித்துக்கொண்டிருக்க, பக்கத்து சீட்டில் பெரிய பெரிய ஆட்கள் எங்கே போகிறோம் என்று தெரியாத முகத்தோடு உட்கார்ந்திருப்பார்கள். சிலர் ஏறியதும் தூங்கிவிடுவார்கள். சிலர் என் புத்தகத்தை எட்டிப் பார்த்து, "இது இன்னா வேரா, தண்டா?" என்று கேட்பார்கள். நான் தாவரவியல் படித்தேன். படங்கள் நிறைய இருக்கும்.

பிறகு ஒன்று நடந்தது. இதை அக்காவும் எதிர்பார்த்திருக்கமாட்டார். சும்மா போனவர்களுக்கு அங்கே வேலை முளைக்க ஆரம்பித்தது.

குப்பத்து அஞ்சலை, மீன் விற்கிறவள், தன் முறைக்குப் போகும்போது "வெறுங்கையோட போவானேன்" என்று ஒரு கூடை மீனையும் ஏற்றிக்கொண்டாள். திருக்கழுக்குன்றத்தில் இறங்கிய சூட்டோடு விற்றுத் தீர்ந்துவிட்டது. மறுநாள் அவள் முறை இல்லை. கூடையோடு வந்து ஏறினாள். அடுத்த நாளும் ஏறினாள். தையல்கார ரசாக் மாமா டீ குடிக்கப் போன இடத்தில் பெரியாஸ்பத்திரியைப் பார்த்து உள்ளே நுழைந்து கண்ணைக் காட்டினார். கண்ணாடி போட்டு வந்தபின் ஊரில் எல்லோருடைய தையலிலும் குற்றம் கண்டுபிடித்தார். அதில் பாதி அவர் தைத்தவை.

ஊரில் எல்லோருக்கும் கிழமை குறித்த அக்கா, சுல்தான் பாய்க்கு மட்டும் குறிக்கவே இல்லை. கடைக்கு வருகிறவர்கள் அவரைச் சீண்டுவார்கள். "இன்னா பாய், உனுக்குக் கெழமையே கெடையாதா? ஒன்ன ஆட்டத்துலயே சேக்கலியா?" பாய் நூல்கண்டை எடை போடுவதில் மும்முரமாகிவிடுவார்.

அந்தப் புதன்கிழமை

கோடை நெருங்கியது. டிப்போவில் இருந்து ஓர் அதிகாரி வந்து பஸ்ஸில் உட்கார்ந்து பார்க்கப்போகிறார், அதை வைத்துத்தான் முடிவு செய்வார்கள் என்று கன்னியப்பன் அண்ணன் முந்தின நாள் சாயங்காலம் வந்து சொன்னார். அக்கா, வழியில் பார்த்தவர்களிடம் எல்லாம் ஒரே வரியைச் சொல்லிக்கொண்டு போனார்: "நாளைக்குப் பஸ்ஸு நெறைஞ்சிருக்கணும்."

அன்றைக்கு ஒருநாள் மட்டும் அவர் கிழமையும் சொல்லவில்லை, ஆளையும் சொல்லவில்லை. தப்பு அங்கேதான் நடந்தது. கிழமை சொல்லாததால் ஒவ்வொருத்தரும் அது தனக்குத்தான் என்று எடுத்துக்கொண்டார்கள். மெம்பர் அக்கா கேட்டு நாம் போகாமல் இருந்தால் நன்றாக இருக்குமா? கடைத்தெருவும் வந்தது, பள்ளிவாசல் தெருவும் வந்தது, குப்பமும் வந்தது. அதிகாரி வருகிறார் என்பதால் கல்யாணத்துக்குப் போகிறமாதிரி உடுத்திக்கொண்டு வந்தார்கள். பசி தாங்காதென்று சிலர் நாஸ்தா கட்டிக்கொண்டு வந்தார்கள்.

இப்படித்தான் அந்தப் பஸ் எங்களை நிறுத்தத்தில் விட்டுவிட்டுப் போனது. பஸ்ஸே எங்களுக்காகத்தான் என்பது அந்த நேரத்தில் உள்ளே இருந்த யாருக்கும் ஞாபகம் வரவில்லை, அக்காவைத் தவிர.

நாங்கள் ஓடினோம். பரீட்சை அட்டையை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடுவது எவ்வளவு கஷ்டம் என்று ஓடியவர்களுக்குத்தான் தெரியும். மேற்கே திரும்பும் வளைவில், தோப்பு ஓரமாகப் பஸ் நின்றிருந்தது. அக்கா கத்திய கத்தலில் டிரைவரே பிரேக் போட்டுவிட்டாராம்.

நாங்கள் மூச்சு வாங்கப் போய்ச் சேர்ந்தபோது அக்கா படிக்கட்டில் நின்று உள்ளே பார்த்து வாதாடிக்கொண்டிருந்தார்.

"எறங்குங்கப்பா. பொண்ணுங்களுக்குப் பரீச்ச கீது. எடம் வுடுங்க."

"யாருக்கா எறங்கறது? நாங்கதான் மொதல்ல ஏறனோம்."

"எனுக்கு முட்டி வலிக்கா, பின்னால கீறவன எறங்கச் சொல்லு."

"ஐயோ, அதிகாரி பாக்கறாருக்கா, இப்ப எறங்குனா தப்பாயிடும்" என்று ஒருவர் ரகசியமாகச் சொன்னார். முன் சீட்டில் இருந்த அதிகாரிக்கும் அது நன்றாகக் கேட்டது.

அக்காவுக்குப் பொறுமை போய்விட்டது. இடுப்பில் கையை வைத்துக்கொண்டு ஒரே சத்தம்.

"செங்கல்பட்டுல வேல இல்லாதவங்க அல்லாரும் கீழ எறங்குங்க!"

இறங்கிவிட்டார்கள்.

வேறு ஊராக இருந்தால் நான்கு பேராவது, கோர்ட்டில் வாய்தா, மாமியாருக்கு உடம்பு சரியில்லை என்று ஏதாவது சொல்லியிருப்பார்கள். எங்கள் ஊர்க்காரர்களுக்கு அந்த நேரத்தில் பொய் வரவில்லை. முன்வழியாகவும் பின்வழியாகவும் சாரி சாரியாக இறங்கினார்கள். ஜரிகைப் புடவைகளும் தூக்குச்சட்டிகளும் இறங்கிச் சாலையோரம் வரிசையாக நின்றன. ஏணியில் தொங்கியவர்கள்கூட நேர்மையாக இறங்கினார்கள். அதிகாரியின் முன்னால் என்ன செய்துவிட்டோம் என்று அப்போதுதான் அக்காவுக்குப் புரிந்தது.

பரீட்சை போனால் அடுத்த பருவத்தில் எழுதிக்கொள்ளலாம். பஸ் போய்விட்டால் எழுத நான் காலேஜில் இருக்கமாட்டேன்.

அதிகாரி மெதுவாக எழுந்து வந்தார். வழுக்கைத் தலை, களைத்த முகம். கீழே நின்ற கூட்டத்தைப் பார்த்தார்.

"இவங்கெல்லாம் எதுக்கும்மா வந்தாங்க?"

அக்கா ஏதாவது சொல்லிச் சமாளிப்பார் என்று நினைத்தேன். சமாளிக்கவில்லை.

"உங்குளுக்குக் காட்டத்தான் சார் வந்தாங்க. பஸ்ஸ நிறுத்திடுவீங்கன்னு பயந்துகினு நான்தான் வரச் சொன்னேன். வேல கீறது இந்தப் பொண்ணுங்களுக்குத்தான். இதுங்கள ஏத்திக்கினு போங்க. மத்தத அப்பறம் நீங்க இன்னா எழுதிக்கணுமோ எழுதிக்கோங்க."

அதிகாரி திரும்பி உள்ளே பார்த்தார். நாங்களும் பார்த்தோம்.

பஸ் காலியாகவில்லை.

அஞ்சலை கூடையைக் காலுக்கு நடுவில் வைத்து அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அவளைப் பார்த்து மீன் கொண்டுபோக ஆரம்பித்த குப்பத்துப் பெண்கள் பின் சீட்டு முழுவதும். ரசாக் மாமா கண்ணாடிக்குக் கால் ஒடிந்ததென்று துணியில் சுற்றிக் கையில் வைத்திருந்தார். திருக்கழுக்குன்றத்தில் கொத்துவேலைக்குப் போகிறவர்கள் மண்வெட்டியோடு இருந்தார்கள். ஒருவர்கூட இறங்கியிருக்கவில்லை, ஏனென்றால் திருக்கழுக்குன்றமோ செங்கல்பட்டோ, போகிற இடத்தில் அவர்களுக்கு வேலை இருந்தது. கும்பலில் இத்தனை நாளும் அவர்களை நாங்கள் தனியாகக் கவனித்ததே இல்லை.

அவர்களுக்கு நடுவில், ஜன்னலோரம், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் சுல்தான் பாய்.

அக்கா அவரை அப்போதுதான் பார்த்தார் போலிருக்கிறது. கூட்டத்தில் எப்படி ஏறினாரோ, எங்கே ஒடுங்கிக்கொண்டிருந்தாரோ.

"நீங்க ஏன் எறங்கல? கடைய யாரு பாக்கறது? செங்கல்பட்டுல உங்குளுக்கு இன்னா வேல?"

பாய் எங்கள் யார் முகத்தையும் பார்க்கவில்லை. வெளியே தோப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"காலேஜுக்குப் போவணும். சபுராவுக்கு எடம் கெடைக்குமான்னு கேட்டுட்டு வரணும்."

அக்கா முந்தானையை எடுத்து முகத்தைத் துடைத்தார். வேர்வையைத் துடைத்தார் என்றுதான் அப்போது எல்லோரும் வைத்துக்கொண்டோம்.

"வேல கீறவங்க ஒக்காருங்க" என்றார். "பொண்ணுங்களா, ஏறுங்கடி. நேரமாவுது."

பாய் மனம் மாறியது எப்படி

பிற்பாடு சபுராதான் எனக்குச் சொன்னாள். கடையில் நடந்த கேலி தாங்காமல் பாய் ஒருநாள் சாப்பாட்டில் உட்கார்ந்தபோது, "எனுக்கு எந்தக் கெழம?" என்று கேட்டிருக்கிறார்.

"உங்குளுக்குக் கெழம கெடையாது" என்றாராம் அக்கா. "சும்மா ஏறி எறங்க ஊருல ஆளு நெறைய கீது. உங்குளுக்கு அங்க வேல இருந்தா ஏறுங்க. இல்லாங்காட்டி வாணாம்."

பாய் கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிட்டாராம். அதற்குப் பிறகு அக்கா அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. தன் அத்தா சில நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை, கணக்கில் தப்பு விட்டார், செவ்வாய்க்கிழமை ராத்திரி தானே சட்டைக்கு இஸ்திரி போட்டார் என்றாள் சபுரா.

ஊரையே கட்டாயப்படுத்தியவர் தன் வீட்டுக்காரரை மட்டும் கட்டாயப்படுத்தவில்லை. அது அன்பா, கெட்டிக்காரத்தனமா என்று எனக்கு இன்றைக்கும் பிரித்துச் சொல்லத் தெரியாது. அக்காவிடம் இரண்டும் எப்போதும் கலந்தே இருந்தன.

அதிகாரி அன்று செங்கல்பட்டு வரைக்கும் வந்தார். வழியில் என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார், என்ன பரீட்சை என்று. சொன்னேன். "நல்லா எழுதும்மா" என்றார். அலுவலகத்தில் போய் அவர் என்ன எழுதினார் என்று எனக்குத் தெரியாது. பஸ் நிற்கவில்லை என்பது தெரியும். கோடை முடிந்தது, பஸ் ஓடியது. அடுத்த கோடை முடிந்தது, அப்போதும் ஓடியது.

நான் பட்டம் வாங்கி டீச்சர் வேலைக்கு வந்தது அந்தப் பஸ்ஸால்தான். இதை நான் மரியாதைக்குச் சொல்லவில்லை. என் சாப்பாடு அது. சபுரா இப்போது சிறுசேரியில் ஒரு பெரிய அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறாள். அவளுக்கு வீட்டு வாசலுக்கே கார் வருகிறது. அக்கா கடைசிவரை அந்தக் காரைப் பார்த்து முகம் சுளித்தார். ஒரு ஆளுக்கு ஒரு வண்டியா என்று.

ஜூன் மாதம்

அக்காவை நினைக்கும்போது எனக்கு அடக்கம் முடிந்த அந்த மையத்து வீடு ஞாபகம் வருவதில்லை. காலேஜ் திறந்த அந்த ஜூன் மாதக் காலைதான் வருகிறது.

சபுராவுக்கு முதல் நாள். துணைக்குப் போகலாம் என்று நான் புதுப்பட்டினத்துக்கே நடந்து போய்விட்டேன். பாய் கடையைத் திறக்காமல் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். அக்கா மகளைக் காலேஜ் வாசல் வரைக்கும் கொண்டுபோய் விடப் புதுப் புடவையில் கிளம்பி வந்தார்.

அன்றைக்கு யாருக்கும் கிழமை குறித்திருக்கவில்லை. ஆனால் கூட்டம் இருந்தது. மீன் கூடைகள், மண்வெட்டிகள், பெரியாஸ்பத்திரிக்குப் போகிறவர்கள். கூடவே, நான் அதற்குமுன் பார்த்திராத பெண்கள், உள்ளடங்கிய கிராமங்களில் இருந்து, எண்ணெய் வைத்துப் படிய வாரி, புது நோட்டோடு வந்திருந்தார்கள். அவர்களைக் கொண்டுவந்து விட்ட அப்பாக்கள் சைக்கிளைப் பிடித்தபடி ஓரமாக நின்றார்கள்.

சபுராவை முன்னால் தள்ளி ஏற்றினோம். நான் ஏறினேன். அக்கா படிக்கட்டில் ஒரு காலை வைத்தார்.

"அக்கா, ஏறாத" என்றார் கன்னியப்பன் அண்ணன். "எடமில்ல."

"இன்னாது?"

"எடமில்லக்கா. கால் வெக்க எடமில்ல. எட்டு மணி பஸ்ல வா."

"நல்லா பாத்துச் சொல்லுடா. நடுவுல?"

"நடுவுலயும் இல்லக்கா."

"பின்னால?"

"எங்கியும் இல்லன்றேன்!"

அக்கா காலைக் கீழே எடுத்தார். கோபித்துக்கொள்வார் என்று நான் பயந்தேன். அவர் பஸ்ஸை முன்னால் இருந்து பின்னால் வரை ஒருமுறை பார்த்தார். ஜன்னல் ஜன்னலாகப் பார்த்தார். பிறகு திரும்பி, டீக்கடையில் நின்றவர்களையும் சைக்கிள்காரர்களையும் தன் வீட்டுக்காரரையும் பார்த்துக் கையைத் தட்டிக்கொண்டு தெருவே கேட்கும்படி கத்தினார்.

"கேட்டீங்களாப்பா? எனுக்கு எடமில்லையாம்! எனுக்கே எடமில்லையாம்!"